கையெழுத்துப் போட்டவர்கள் ஓட்டுப் போடவில்லை

2021 சட்டமன்றத் தேர்தலில் நான் சுயேச்சையாக நின்றேன். வாங்கியது 386 ஓட்டு. டெபாசிட் போனது. கையைவிட்டுப் போன காசு 1,10,100 ரூபாய், கடையைச் சாத்திய நாட்களையும் சேர்த்தால் 1,36,000-க்கு மேல். இதை எழுதக் காரணம், நிற்பதற்கு முன்னால் இப்படி ஒருத்தர் என்னை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் ஒன்று நின்றிருக்க மாட்டேன், இல்லையென்றால் வேறு மாதிரி நின்றிருப்பேன். எந்தக் கட்சியையும் திட்டவோ புகழவோ இதை எழுதவில்லை. எங்கள் தொகுதியில் மோதிய கட்சிகளின் பெயர், தொகுதிப் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை.

வட மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். தாலுகா ஆபீஸுக்கு எதிரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் என்று பெயர்தானே தவிர, முக்கால்வாசி மனு எழுதுகிற வேலை. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்பது எல்லாம். பதினாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் மனு எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. தெருவில் நடந்தால் பத்தடிக்கு ஒரு வணக்கம் விழும். அந்த வணக்கத்தை நான் தப்பாகப் புரிந்துகொண்டதுதான் இந்தக் கதை முழுக்க.

ஏன் கட்சியில் சேரவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் அப்பா நாற்பது வருடம் ஒரு கட்சியின் தொண்டர். மாநாடு என்றால் கைக்காசு போட்டு லாரியில் போவார். எங்களுக்குத் தீபாவளித் துணி எடுக்கக் காசில்லாத வருடம்கூடக் கொடிக்கம்பத்துக்குப் பெயிண்ட் அடிக்கக் காசு இருந்தது. அவர் வாங்கிய பெரிய பதவி கிளைப் பிரதிநிதி. அந்தக் கோபத்தில் வளர்ந்தவன் நான். யார் உறுப்பினர் படிவத்தை நீட்டினாலும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன். "நான் பொதுவான ஆளுங்க" என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அப்பா செத்த அன்றைக்குப் பந்தல் போட்டது, நாற்காலி இறக்கியது, ஐஸ் பெட்டிக்குச் சொன்னது, மாவட்டச் செயலாளரைக் கூட்டிவந்து கொடி போர்த்த வைத்தது எல்லாம் கிளைக்காரர்கள்தான். நான் அழுவதைத் தவிர எதுவும் செய்யவில்லை. அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை, அது வேறு விஷயம்.

ஏரி வரத்துக்கால்வாய் ஆக்கிரமிப்பு விஷயமாக மூன்று வருடம் மனுமேல் மனு போட்டு அலைந்து, இரண்டு பெரிய கட்சிக்காரர்களும் "பார்க்கலாம்" என்றே சொன்ன வெறுப்பில் நிற்பதென்று முடிவெடுத்தேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் "நில்லுங்க சார், நாங்க இருக்கோம்" என்றார்கள். இதில் முதல் பாடம்: மனு எழுத வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் "நில்லுங்க" என்று சொல்வதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. அவர் மனு உங்கள் கையில் இருக்கிறது, வேறு என்ன சொல்வார்?

மார்ச் 12 அன்று வேட்புமனுத் தாக்கல் தொடங்கியது, 19 கடைசி நாள். ஊருக்கே படிவம் நிரப்பித் தருபவன் என்ற திமிரில் கடைசி மூன்று நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரே ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர், அந்தப் பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் பாகம் எண், வரிசை எண் சரியாக இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியல் அப்போதுதான் திருத்தி வந்திருந்தது, நான் பழைய பட்டியலைப் பார்த்து எண்களை எழுதிவைத்திருந்தேன். ஆறு பேருடைய எண் மாறிப்போயிருந்தது. ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து மறுபடி எழுதினேன். தயவுசெய்து புதிய பட்டியலை வாங்கி அதைப் பார்த்து எழுதுங்கள். ஒரு வேட்பாளர் நான்கு மனு வரை போடலாம், அதற்கு ஒரே டெபாசிட் போதும். அதனால் வேறு வேறு பத்துப் பேரை வைத்து இரண்டு மனுவாவது போட்டுவிடுங்கள், ஒன்றில் கோளாறு வந்தால் இன்னொன்று நிற்கும். கைநாட்டு வைப்பவரை முன்மொழிபவராகப் போடுவதாக இருந்தால் அதை அதிகாரி முன்னால் வைக்க வேண்டும். அந்த வருடம் கொரோனாவால் வேட்பாளரோடு இரண்டு பேருக்கு மேல் உள்ளே விடவில்லை. ஆகவே கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களாகப் பார்த்துப் போட்டேன். அதில் ஒருவர் தாலுகா ஆபீஸ் வாசலில் பூக்கட்டும் அக்கா. அவருக்கு விதவை உதவித்தொகை வாங்கித் தந்தது நான்தான். "தம்பிக்கு இல்லாததா" என்று சொல்லிப் பூக்கூடையை ஓரமாக வைத்துவிட்டு, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

மனுவோடு படிவம் 26 என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் உண்டு. சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு மாமனார் வழியில் ஒன்றும் இல்லை, வெளிநாட்டில் ஒன்றும் இல்லை என்பதால் அந்தக் கட்டங்களை அப்படியே வெறுமையாக விட்டிருந்தேன். அதைத்தான் செய்யக் கூடாது. எந்தக் கட்டத்தையும் காலியாக விடாமல் "இல்லை" அல்லது "பொருந்தாது" என்று எழுதியே ஆக வேண்டும், காலியாக இருந்தால் மனுவைத் தள்ள முடியும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அலுவலகத்தில் ஒரு கிளார்க் நல்ல மனசோடு சுட்டிக்காட்டியதால் தப்பித்தேன், புதுப் பத்திரம் எழுத 900 ரூபாய் தண்டம். தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று, மனுப் போடுவதற்கு ஒரு நாளாவது முன்னால் தொடங்கியிருக்க வேண்டும். இதுவும் கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. மனு கொடுத்ததும் உறுதிமொழி எடுக்க வேண்டும், பரிசீலனை நாள் வந்துவிட்டால் அதற்கு நேரமில்லை. டெபாசிட் 10,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. பதிவான செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் அது திரும்ப வரும். கவுண்டரில் பணத்தை எண்ணும்போதே அது வராது என்று என் உள்மனசுக்குத் தெரியும். ஆனாலும் ரசீதைப் பத்திரமாக மடித்துப் பர்சில் வைத்தேன்.

சின்னம் மார்ச் 22 அன்று கிடைத்தது. சுயேச்சைகளுக்கென்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் மூன்றை நாம் விருப்பமாகக் குறிப்பிடலாம். நான் முதலில் ஆட்டோ கேட்டேன், இன்னும் இரண்டு பேரும் அதையே கேட்டிருந்தார்கள். குலுக்கல் போட்டார்கள், எனக்கு விழவில்லை. இரண்டாவதாகக் கேட்டதும் போய், கடைசியில் குடமிளகாய் வந்து சேர்ந்தது. சிரிக்காதீர்கள், நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. கறுப்பு வெள்ளையில் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு பாட்டி பூசணிக்காய் என்றார், ஒருவர் மாங்காய் என்றார். வாக்குப்பதிவு இயந்திரத்தில் முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், பிறகு பதிவு பெற்ற மற்ற கட்சிகள், கடைசியில்தான் சுயேச்சைகள், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. ஒரு இயந்திரத்தில் 16 பொத்தான். எங்கள் தொகுதியில் 19 பேரும் நோட்டாவும். என் எண் 17. அதாவது நான் இரண்டாவது இயந்திரத்துக்குப் போய்விட்டேன். முதல் இயந்திரத்திலேயே தெரிந்த சின்னத்தைக் கண்டுபிடித்துப் பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறவர், பக்கத்தில் இன்னொரு பெட்டி இருப்பதை ஏன் பார்க்கப்போகிறார்?

சின்னத்தின் அருமை அந்தப் பதின்மூன்று நாளில்தான் எனக்குப் புரிந்தது. அதே தேர்தலில் மதிமுக தனக்குக் கிடைத்த ஆறு தொகுதியிலும் உதயசூரியன் சின்னத்தில்தான் நின்றது. எத்தனையோ வருடமாக நடக்கும் ஒரு கட்சியே இன்னொரு கட்சியின் சின்னத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறதென்றால், இரண்டு வாரத்தில் குடமிளகாயை ஊர் முழுக்க மனப்பாடம் பண்ண வைத்துவிடலாம் என்று நான் நினைத்ததை என்னவென்று சொல்ல.

பணம் எங்கே போனது என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும். டெபாசிட் 10,000. பத்திரம், நோட்டரி, நகல் எல்லாம் 2,600. துண்டறிக்கையும் பதாகையும் 31,000. இதில் முதலில் அடித்த கட்டு முழுக்க வீண், ஏனென்றால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் துண்டறிக்கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் போடாமல் அடித்துவிட்டோம். அச்சகத்துக்காரர் "நீங்க சொல்லலையே" என்றார், நான் "உங்களுக்குத் தெரியாதா" என்றேன், காசு என்னவோ என்னுடையதுதான். மைக் கட்டிய ஆட்டோ ஒரு நாளைக்கு 2,000 வீதம் 26,000. வாட்ஸாப்பில் விட ஒரு வீடியோ எடுத்ததில் 8,000, அதைக் கடைசிவரை பார்த்தவர்கள் என் சொந்தக்காரர்கள்தான். வாக்குச்சாவடி முகவர்களுக்கு 14,000. சாப்பாடு, டீ, பெட்ரோல் 18,500. இதற்கெல்லாம் வீட்டுக்காரியின் ஆறு பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். அதை மீட்க ஒன்றரை வருடம் ஆனது. அந்த வட்டியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை, அவள் சேர்த்துவைத்திருக்கிறாள்.

பிரச்சாரத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஜெயிச்சா எந்தக் கட்சிக்குப் போவீங்க?" நான் உற்சாகமாகச் சட்டம் பேசினேன். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, சுயேச்சையாக ஜெயித்தவர் அப்புறம் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போய்விடும், ஆகவே ஐந்து வருடமும் நான் சுயேச்சைதான் என்று விளக்கினேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒரு பெரியவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார், "அப்ப எங்க ஊருக்கு வேலை யார் மூலமா நடக்கும்?" எனக்குப் பதில் வரவில்லை. எது என் பலம் என்று நான் நினைத்தேனோ, அதுதான் அவருக்குப் பயம். மந்திரியைப் பார்க்க முடியாத, கலெக்டர் பயப்படாத, ஆளுங்கட்சியும் இல்லாத எதிர்க்கட்சியும் இல்லாத ஒருத்தனை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் என்ன செய்வது? அவர் கேட்டது முழுக்க நியாயம்.

கட்சிக்காரர்களை அதுவரை நான் தூரத்திலிருந்துதான் பார்த்திருந்தேன். எதிரில் நின்று பார்த்தபோதுதான் அவர்கள் செய்கிற வேலை தெரிந்தது. வாக்காளர் பட்டியலை ஆள் ஆளாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தெருவில் யார் வீட்டில் எத்தனை ஓட்டு, யார் திருப்பூரில் வேலை செய்கிறார், யார் இறந்துவிட்டார், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று ஒவ்வொரு பூத் கமிட்டிக்காரருக்கும் தெரிகிறது. நானோ வீடு வீடாகப் போய் "வணக்கம், நான் சுயேச்சை" என்று ஆரம்பிக்கிறேன். வீடு வீடாகப் போவதற்கு வேட்பாளரோடு சேர்த்து ஐந்து பேருக்கு மேல் கூடாது என்று அந்த வருடம் கட்டுப்பாடு. பல நாள் என்னோடு மூன்று பேர்கூட இல்லை, ஆக அந்த விதியை நான் மீறவே இல்லை.

ஒரு பழைய கட்சிக்காரர், அப்பாவோடு மாநாட்டுக்குப் போனவர், டீக்கடையில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "1957-ல திமுக மொதமொத எலெக்ஷன்ல நின்னப்போ அங்கீகாரம் கிடையாது. பதினஞ்சு பேர் ஜெயிச்சாங்க, கணக்குல எல்லாம் சுயேச்சைதான். ஆனா ஊருக்கு ஊர் மன்றம் இருந்துச்சு, படிப்பகம் இருந்துச்சு. உன்கிட்ட என்ன இருக்கு?" என்றார். அப்போது கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் பிரஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக ஜெயித்த டி.டி.வி. தினகரனும் தனியாள் இல்லை, பின்னால் ஒரு பெரிய அணியே நின்றது. சுயேச்சையாக ஜெயித்தவர்கள் என்று நாம் உதாரணம் காட்டும் பலரிடமும் பெயர் வைக்காத ஒரு கட்சி இருந்திருக்கிறது. அது இல்லாதவர்கள் கதைக்கு மொடக்குறிச்சியைப் பாருங்கள். 1996-ல் அந்த ஒரு தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள், பெரும்பாலும் தங்கள் குறையைச் சொல்ல நின்ற விவசாயிகள். வாக்குச்சீட்டையே புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டிவந்தது. அவர்களில் 88 பேருக்கு ஓர் ஓட்டுகூட விழவில்லை. அதாவது தன் ஓட்டையும் தனக்குப் போடாதவர்கள். நான் எனக்குப் போட்டேன், அந்த வகையில் கொஞ்சம் மேல்.

நடுவில் ஒருநாள் ராத்திரி ஒருவர் கடைக்கு வந்தார். பெரிய கட்சி ஒன்றின் ஆள். ஒவ்வொரு வேட்பாளரும் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் முகவர் வைத்துக்கொள்ளலாம் இல்லையா, அந்தப் படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், ஆட்களை நாங்களே உட்கார வைத்துக்கொள்கிறோம், 40,000 தருகிறோம் என்றார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். அடகு வைத்த சங்கிலி கண்முன்னால் வந்து வந்து போனது. காலையில்தான் முடியாது என்று போன் பண்ணினேன். இந்த மாதிரி ஆட்கள் நிச்சயம் வருவார்கள். என்ன பதில் சொல்வது என்று மனுப் போடும் அன்றே வீட்டில் பேசி முடிவு பண்ணி வையுங்கள், செலவு கழுத்தை நெரிக்கும்போது யோசிக்க ஆரம்பிக்காதீர்கள்.

சரி, என் முகவர்கள்? தொகுதியில் 380 வாக்குச்சாவடிக்குப் பக்கம். என்னால் திரட்ட முடிந்தது 28 பேர். ஏப்ரல் 6 காலை ஏழு மணிக்கு அதில் 19 பேர் உட்கார்ந்தார்கள். மதியம் சாப்பாடு போவதற்குள் இன்னும் நாலு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் பெரிய கட்சி முகவர் வாங்கிக் கொடுத்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வரை எனக்காக உட்கார்ந்திருந்தார், அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். நிற்கலாமா வேண்டாமா என்று தடுமாறுபவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இதுதான்: வாக்குச்சாவடிப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேராக, காசு கேட்காமல் காலை முதல் இரவு வரை உங்களுக்காக உட்காரும் ஒருவர் பெயரை எழுதுங்கள். பாதிக்குக்கூடப் பெயர் வரவில்லையென்றால் அந்தத் தேர்தல் உங்களுக்கானது இல்லை, சின்னதாகப் பாருங்கள்.

மே 2 வாக்கு எண்ணிக்கை. உள்ளே போகக் கொரோனா பரிசோதனைச் சான்றோ தடுப்பூசிச் சான்றோ வேண்டும். பரிசோதனை எடுத்துக்கொண்டு போனேன். முதல் சுற்றில் என் பெயருக்கு நேராக 9. இரண்டாவது சுற்றில் 14. எண்ணிச் சொல்கிற அதிகாரி என் பெயரை வாசிக்கும்போது குரலைக் கொஞ்சம் வேகமாக ஆக்குவார், எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. பத்தாவது சுற்றுக்கு மேல் நான் உட்காரவில்லை. அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க 234 தொகுதியில் ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கவில்லை. 2016-லும் இல்லை, 2011-லும் இல்லை. இதை முன்னாலேயே தேடிப் பார்த்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை. நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. படிவம் 20 என்று ஒன்று உண்டு, வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று வெளியிடுவார்கள். அதை இறக்கி, என் கடையிலேயே பிரிண்ட் போட்டு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். என் சொந்த வாக்குச்சாவடியில் 23. இருநூறுக்கும் மேற்பட்ட சாவடிகளில் பூஜ்யம். முன்மொழிந்த பத்துப் பேரில் மூன்று பேர் ஓட்டுப் போட்ட ஒரு சாவடியில் எனக்கு விழுந்தது 1. மூன்று கையெழுத்து, ஓர் ஓட்டு. அந்த ஒன்று யாருடையது, மற்ற இரண்டு பேர் யார் என்று எத்தனை நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர் முகத்தையெல்லாம் உற்று உற்றுப் பார்ப்பேன். ரெண்டு பேரிடம் வேண்டுமென்றே வெடுக்கென்று பேசினேன். அவர்கள் அதற்கப்புறம் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். ஓட்டு ரகசியமாக இருப்பது அவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை, தோற்றவனுக்கும் அதுதான் மருந்து. படிவம் 20-ஐ அடுத்த தேர்தல் திட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். கணக்குப் போட்டால் எனக்கு ஓர் ஓட்டு ஏறக்குறைய 285 ரூபாய் விழுந்திருக்கிறது, யாருக்கும் பணம் கொடுக்காமலே.

பூக்கார அக்காதான் தானாக வந்து சொன்னார். நான் கேட்கவில்லை. மழைக்கு ஒதுங்கியவர், கடை பெஞ்சில் உட்கார்ந்து, "தம்பி, மனசுல வச்சுக்காதே. கையெழுத்து உனக்காகப் போட்டேன், ஓட்டு என் புள்ளைக்காகப் போட்டேன்" என்றார். அவர் மகனை இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏதோ அடிதடி என்று ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கிளைச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். மனுஷன் கைலியோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பேசிப் பையனைக் கூட்டிவந்து விட்டிருக்கிறார். "உன்னைத்தான் மொதல்ல நெனச்சேன். ஆனா உன் கடை எட்டு மணிக்குச் சாத்திடுமே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கடை நேரத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி அப்பாவின் சாவுப் பந்தல் ஞாபகத்துக்கு வந்தது. அவர் கட்சிக்கு ஏன் அப்படி உழைத்தார் என்று எனக்கு இப்போது ஓரளவு பிடிபடுகிறது. கொள்கையும் இருந்தது, தலைவர்மேல் பக்தியும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூலிக்காரர் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள், அவர் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பதற்கு அந்த உறுப்பினர் அட்டைதான் அவருக்கு இருந்த ஒரே ஏற்பாடு. வசதியும் படிப்பும் வந்த பிறகு நமக்கு அது தேவைப்படுவதில்லை, உடனே "நான் பொதுவான ஆள்" என்கிறோம். எனக்கு ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை வேண்டுமென்றால் தெரிந்த டாக்டர் இருக்கிறார். அக்காவுக்கு இருப்பது கிளைச் செயலாளர். கட்சிக்காரர்களில் இதை வைத்துச் சம்பாதிப்பவர்கள் உண்டு, மனிதரை அடிமை மாதிரி நடத்துபவர்கள் உண்டு, அதெல்லாம் எனக்கும் தெரியும். அதனால்தான் நான் இன்னும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஆனால் கட்சி மாறாமல் ஓட்டுப் போடுகிறவரை "விலைபோனவர்" என்று பேசுவதை விட்டுவிட்டேன்.

இன்னொரு முக்கியமான விஷயம், தோற்றவர்கள் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். முடிவு வந்த 30 நாளைக்குள் தேர்தல் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எத்தனை வாங்கினாலும் இது உண்டு. கொடுக்கவில்லையென்றால் மூன்று வருடம் வரை தேர்தலில் நிற்கத் தகுதியிழப்பு செய்யலாம். வெள்ளைத் தாளில் அன்றாடக் கணக்கு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி என்று ஒரு பதிவேடு தருவார்கள். பிரச்சார நாட்களிலேயே மூன்று முறை அதை எடுத்துப்போய்க் காட்ட வேண்டும். அன்றன்றைக்கே டீ பில் முதல் எழுதிவிடுங்கள். நான் கடைசியில் சேர்த்து எழுதலாம் என்று விட்டதில், மே 10 ஊரடங்கு வந்துவிட்டது. ஆட்டோக்காரரிடம் ரசீது வாங்க முடியவில்லை, அச்சகம் பூட்டிக் கிடந்தது. மாவட்டத் தலைநகருக்கு வழியில் மூன்று இடத்தில் போலீஸிடம் நின்று, நான் வேட்பாளர் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு கான்ஸ்டபிள் "எந்தக் கட்சி சார்?" என்றார். சுயேச்சை என்றதும் பாவமாகப் பார்த்து விட்டுவிட்டார். கணக்கைக் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வந்துவிடாதீர்கள்.

அப்படியானால் கட்சி சாராமல் நிற்கவே கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் நடக்கிறது. அங்கே எல்லாருக்கும் கட்சி சாராத சின்னம்தான், குடமிளகாய்க்குக் கிடைத்த அவமானம் யாருக்கும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு நம் வீட்டுக் கதவைத் தட்டக்கூடிய தூரத்தில்தான் வாக்காளரும் இருப்பார். நான் அங்கிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். கால்வாய் ஒன்றுக்காக ஒரு சட்டமன்றத் தொகுதி முழுக்க மைக் கட்டிக்கொண்டு சுற்றியது என் தப்பு. கட்சியில் சேரத்தான் போகிறீர்கள் என்றால், மாநாட்டு மேடையைப் பார்த்துச் சேராதீர்கள். உங்கள் தெருக் கிளையில் யார் இருக்கிறார்கள், ராத்திரியில் யார் எழுந்து வருகிறார்கள், புதிதாக வந்தவனை எத்தனை வருடம் கொடி கட்டவே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வருடம் கூட இருந்து பாருங்கள்.

போன மாதம் ஒரு பையன் கடைக்கு வந்தான், இன்ஜினியரிங் முடித்தவன், பக்கத்துக் கிராமம். சுயேச்சையாக நிற்கப்போவதாகவும் மனு நிரப்பித் தர எவ்வளவு ஆகும் என்றும் கேட்டான். காசு வேண்டாம் என்று சொல்லி வாக்குச்சாவடிப் பட்டியலைப் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்து, நேராகப் பெயர் எழுதிக்கொண்டு வா என்றேன். பதினோரு நாள் கழித்து வந்தான். ஒன்பது பெயர் எழுதியிருந்தான், ஒன்பதும் அவன் கிராமத்துக்காரர்கள். சட்டமன்றத்தை விட்டுவிட்டு ஊராட்சிக்கு யோசிக்கிறேன் அண்ணா என்றான். அவனிடம் என் கைபேசி எண்ணைக் கொடுத்தேன். கடை சாத்தின பிறகும் கூப்பிடலாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.